பாம்புக்கு எத்தனை நாளைக்கு ஒரு வேளை?



ஆண்டு மலர் என்றால் கவிதை இருக்கும், துணுக்கு இருக்கும், விடுதிச் சாம்பாரைப் பற்றிய கிண்டல் கட்டாயம் இருக்கும். எனக்குக் கவிதை வராது. அதனால் எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைப் பாடம் போலச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். விஷயம், பாம்பின் சாப்பாடு. குட்டிப் பாம்புக்கு எத்தனை நாளைக்கு ஒரு முறை இரை வேண்டும்? வளர்ந்ததற்கு எத்தனை நாள்? வயதாகிப் போனதற்கு எத்தனை நாள்? இதுதான் பாடம்.

"மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு இது எதுக்குடா?" என்று அறை நண்பர்கள் கேட்டார்கள். இரண்டு காரணம் உண்டு. ஒன்று, நம்ம தருமபுரி மாவட்டத்தில் பாம்பைப் பார்க்காமல் வளர்ந்த பிள்ளை யாரும் கிடையாது. நிலக்கடலைக் கொல்லை, மாந்தோப்பு, பென்னாகரம் பக்கத்துக் காடு, புழு மனை என்று எங்கும் அது உண்டு. இரண்டு, பாம்பின் சாப்பாடு முழுக்க முழுக்க ஒரு வெப்பக் கணக்கு. நாம் படிக்கிற எஞ்சின் பாடம் புரிந்தவனுக்கு இது சுலபமாகப் புரியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாம்பை வீட்டில் வளர்க்கச் சொல்லி இதை எழுதவில்லை. நம் நாட்டுப் பாம்பை அனுமதி இல்லாமல் பிடித்து வைப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி குற்றம். உயிரியல் பூங்காக்களிலும், வீட்டில் வளர்க்கச் சட்டம் இடம் தரும் வெளிநாடுகளிலும் பல ஆண்டுப் பழக்கத்தில் தேறிய கணக்கைத்தான் சொல்லப் போகிறேன். அது தெரிந்தால் நம் ஊரில் ஒரு பாம்பும் பிழைக்கும், ஒரு மனிதனும் பிழைப்பான். எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

புழு மனைக் கணக்கு

எங்க வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறோம். தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடு கொண்டுபோகிற குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அந்தக் கூட்டுக் காசில்தான் நான் படிக்கிறேன். எங்க குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வந்த முதல் ஆள் நான்தான்.

வயதுக்குத் தக்கபடி சாப்பாடு மாறும் என்ற பாடத்தை எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது புழுதான். பட்டுப்புழுவுக்கு ஐந்து பருவம், நான்கு தோலுரிப்பு. முட்டையிலிருந்து வந்த குஞ்சுப் புழுவுக்கு இளந்தழையைப் பொடிசாக நறுக்கித் தூவ வேண்டும். ஐந்தாம் பருவத்துக்கு வந்துவிட்டால் கிளையோடு வெட்டிப் போட்டாலும் போதாது. ஒரு புழு தன் வாழ்நாளில் தின்னும் தழையில் 80 சதவீதத்துக்கு மேல் அந்தக் கடைசி ஏழெட்டு நாளில்தான் தின்னும். அந்த வாரத்தில் எங்க வீட்டில் யாரும் சரியாகத் தூங்க மாட்டோம். சுமார் 25 நாளில் புழுவின் எடை ஏறக்குறைய 10,000 மடங்கு ஏறிவிடும். தோலுரிக்கும்போது மட்டும் தழை போடக் கூடாது. சுண்ணாம்புத் தூள் தூவிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும்.

ஆகவே புழுவுக்கு வயது ஏற ஏறச் சாப்பாடும் ஏறும். பாம்புக்கு இது அப்படியே தலைகீழ். வயது ஏற ஏற இரை பெரிதாகும், ஆனால் இரண்டு இரைக்கு நடுவே உள்ள நாட்கள் கூடிக்கொண்டே போகும். ஏன் அப்படி?

அணைத்து வைத்த எஞ்சின்

மனிதன், மாடு, எலி, கோழி எல்லாம் வெப்ப இரத்தப் பிராணிகள். நாம் தூங்கினாலும் உடம்பு 37 டிகிரியில் இருக்க வேண்டும். வண்டி நின்றிருந்தாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருப்பது போல. தின்கிற சோற்றில் பெரும்பகுதி இந்தச் சூட்டைக் காப்பாற்றவே செலவாகிறது. அதனால்தான் மூன்று வேளை.

பாம்பு அப்படி இல்லை. அதன் சூடு வெளியிலிருந்து வருகிறது. வெயில், பாறை, மண், கூரை எது சூடாக இருக்கிறதோ அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும். வண்டி நிற்கும்போது எஞ்சினையும் அணைத்துவிட்ட கெட்டிக்கார டிரைவர் அது. ஒரே எடையுள்ள பாலூட்டியோடு ஒப்பிட்டால், சும்மா இருக்கும் ஊர்வனவுக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்தி போதும்.

மலைப்பாம்பு இதையும் தாண்டிய கில்லாடி. இரை இல்லாத நாட்களில் அதன் குடல் சுருங்கிக் கிடக்கும். இரை உள்ளே போனதும் பாய்லரைப் பற்ற வைத்தது போல எல்லாம் ஒரே நேரத்தில் விழிக்கும். பர்மிய மலைப்பாம்பை வைத்து ஸ்டீபன் சீகோர், ஜாரெட் டயமண்ட் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் 1990-களில் ஆராய்ந்தார்கள். பெரிய இரையை விழுங்கிய பாம்பின் சக்திச் செலவு, சும்மா இருந்த நிலையைப் போல 40 மடங்கு வரை ஏறியது. குடலின் எடை ஏறக்குறைய இரட்டிப்பானது. 2005-ல் வெளிவந்த இன்னொரு ஆராய்ச்சியில், இரை எடுத்த 48 மணி நேரத்தில் இதயத் தசையே 40 சதவீதம் பெருத்தது தெரிந்தது. செரித்து முடித்ததும் எல்லாம் பழையபடி சுருங்கிவிடும்.

யோசித்துப் பாருங்க. இப்படிப் பற்ற வைத்து, ஓட்டி, அணைக்கிற ஒரு பாய்லரில், அணைவதற்கு முன்பே மறுபடி மறுபடி விறகு திணித்தால் என்ன ஆகும்? பாம்புக்கு இடைவெளி என்பது பட்டினி அல்ல. அதுவும் அதன் சாப்பாட்டின் ஒரு பகுதி.

2007-ல் மார்ஷல் மெக்யூ என்பவர் வெளியிட்ட ஆராய்ச்சியையும் சொல்ல வேண்டும். சில வகைப் பாம்புகளை ஏறக்குறைய ஆறு மாதம் இரை இல்லாமல் வைத்துப் பார்த்தார். அவை தங்கள் சக்திச் செலவை 72 சதவீதம் வரை குறைத்துக்கொண்டன. அந்த நிலையிலும் நீளத்தில் சிறிது வளர்ந்தன! பட்டினி போடலாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு வாரம் இரை எடுக்காவிட்டால் பாம்பு செத்துப்போகும் என்று பயப்பட வேண்டியதில்லை என்பதற்காகச் சொன்னேன்.

சிறிசுக்கு ஏன் அடிக்கடி?

அப்படியானால் குட்டிக்கு மட்டும் ஏன் வாரம் ஒரு முறை? மூன்று காரணங்கள்.

முதலாவது, சின்ன உடம்புக்கு ஒரு கிராமுக்கான செலவு அதிகம். 1932-ல் மாக்ஸ் கிளைபர் என்ற விஞ்ஞானி பிராணிகளின் எடையையும் சக்திச் செலவையும் கணக்குப் போட்டு ஒரு விதி சொன்னார். எடை கூடும் வேகத்தில் செலவு கூடுவதில்லை, எடையின் முக்கால் அடுக்காகத்தான் கூடுகிறது என்பது அந்த விதி. அவர் வெப்ப இரத்தப் பிராணிகளை வைத்துச் சொன்னது பாம்புக்கும் ஏறக்குறைய பொருந்துகிறது. 100 கிராம் குட்டி 1,600 கிராம் பாம்பாக வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். எடை 16 மடங்கு. 16-ன் முக்கால் அடுக்கு 8. ஆகவே செலவு 8 மடங்குதான். ஒரு கிராமுக்கு என்று பார்த்தால் பாதியாகக் குறைந்துவிட்டது. கால்குலேட்டர் வைத்திருப்பவர்கள் போட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவது, குட்டி வளர வேண்டும். முதல் இரண்டு மூன்று ஆண்டில்தான் பாம்பு மளமளவென்று நீளும். எலும்பும் சதையும் இரையிலிருந்துதான் வர வேண்டும். வளர்ந்த பாம்புக்கு இருக்கிற உடம்பைப் பராமரித்தால் போதும். பாம்பு சாகும் வரை வளரும் என்பார்கள். வளரும்தான், ஆனால் பெரிதான பிறகு அந்த வளர்ச்சி மிகவும் சொற்பம்.

மூன்றாவது, குட்டியின் உடம்பில் சேமிப்பு இல்லை. பெரிய பாம்பின் வயிற்றில் கொழுப்பு சேர்ந்திருக்கும். அது நம்ம வீட்டுக் குதிரில் கேழ்வரகு இருப்பது போல. குட்டிக்குக் குதிரே கிடையாது, அன்றாடங்காய்ச்சி.

பருவவாரிக் கணக்கு

இப்போது நேராக அட்டவணைக்கு வருவோம். எலி தின்னும் நடுத்தரப் பாம்புகளுக்குப் பொதுவாகக் கையாளும் கணக்கு இது.

1. முட்டையை விட்டு வந்த குட்டி: முதல் சட்டை உரிக்கும் வரை இரை தேடாது. ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாள், வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவே போதும்.

2. முதல் ஆண்டு: 5 முதல் 7 நாளைக்கு ஒரு முறை. இரையின் எடை, பாம்பின் எடையில் 10 முதல் 15 சதவீதம்.

3. இளம் பருவம், அதாவது இரண்டாம் மூன்றாம் ஆண்டு: 7 முதல் 14 நாளைக்கு ஒரு முறை.

4. வளர்ந்த பாம்பு: 2 முதல் 3 வாரத்துக்கு ஒரு முறை. இரை எடை 10 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். அதிகம் நகராத பந்து மலைப்பாம்பு போன்றவற்றுக்கு மாதம் ஒரு முறைகூடப் போதும்.

5. ராட்சச மலைப்பாம்பு, நன்கு வளர்ந்தது: 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு முறை, சில சமயம் அதற்கும் மேல்.

6. வயதான பாம்பு: இடைவெளி இன்னும் கொஞ்சம் நீளலாம், இரை சிறிதாக இருப்பது நல்லது. பெரிய இரையைச் செரிக்கும் பலம் குறைந்துவிடும். நம்ம தாத்தாவுக்கு அரை வயிறு கஞ்சி கொடுப்பது போலத்தான்.

இரையின் பருமனுக்கு ஒரு சுலப வழி உண்டு. பாம்பின் உடம்பில் எது பருத்த இடமோ அதே கனத்தில் இரை இருக்கலாம். அதைவிட மிகவும் பெரிதாக வேண்டாம்.

வயது மட்டும் பார்த்தால் போதாது, சாதியையும் பார்க்க வேண்டும். சாரை நாள் முழுக்க ஓடியாடித் தேடித் தின்கிற பாம்பு. அதற்குச் செலவு அதிகம், அதனால் சிறிய இரை, அடிக்கடி. மலைப்பாம்பும் கண்ணாடி விரியனும் ஒரே இடத்தில் பதுங்கிக் காத்திருக்கிறவை. அவற்றுக்கு இடைவெளி நீளம். ராஜநாகத்துக்கு எலி இரண்டாம் பட்சம்தான், அதன் முக்கிய இரையே மற்றப் பாம்புகள்.

இந்தக் கணக்கோடு பார்த்துக்கொண்டால் பாம்பு நீண்ட காலம் வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவுக்கு 1961-ல் வந்த ஒரு பந்து மலைப்பாம்பு, 2020-ல் ஏழு முட்டை இட்டது. அப்போது அதற்கு வயது 62 ஆவது இருக்கும் என்றார்கள். எங்க அப்பாவைவிட மூத்த பாம்பு!

எப்போது கொடுக்கவே கூடாது?

சட்டை உரிக்கும் காலத்தில் கூடாது. கண் பால் போல் வெளுத்து, தோல் மங்கினால் அது சட்டை உரிக்கப் போகிறது என்று அர்த்தம். பெரும்பாலான பாம்புகள் அப்போது தாமாகவே இரையை ஒதுக்கும். நம்ம பட்டுப்புழு போலவேதான். முட்டை சுமக்கும் பெண்பாம்பும், இணை தேடும் ஆண்பாம்பும்கூட வாரக்கணக்கில் தின்னாது.

குளிரில் கூடாது. இதுதான் மிக முக்கியம். செரிக்கச் சூடு வேண்டும். சூடு இல்லாவிட்டால் உள்ளே போன இரை செரிப்பதற்கு முன் அழுகத் தொடங்கும். பாம்பு கக்கிவிடும். கக்கினால் இரைப்பை புண்ணாகும், உடம்பில் நீர் வற்றும். அதன் பிறகு குறைந்தது இரண்டு வாரம் எதுவும் கொடுக்காமல் தண்ணீர் மட்டும் வைக்க வேண்டும்.

இரை எடுத்த இரண்டு நாளைக்குப் பாம்பைத் தொடவும் கூடாது. மிரண்டால் கக்கிவிடும்.

தண்ணீர் மட்டும் எந்த வயதுப் பாம்புக்கும் எப்போதும் வேண்டும். பால் வேண்டாம். பாலைச் செரிக்கும் உடம்பு பாம்புக்கு இல்லை. பாம்பாட்டியின் கூடைப் பாம்பு பால் குடிப்பதைப் பார்த்தேன் என்பீர்கள். பல நாள் தண்ணீர் காட்டாமல் வைத்த பாம்பு எந்த ஈரத்தையும் குடிக்கும். அது தாகம், பக்தி அல்ல. ஆடி வெள்ளியில் புற்றுக்குப் பால் ஊற்றும் எங்க அம்மாவிடம் இதைச் சொன்னேன். "பாம்பு குடிக்கணும்னா ஊத்தறேன்? என் மனசுக்கு ஊத்தறேன் சாமி" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

மாமாவின் டிரம்

மேலே சொன்னதெல்லாம் வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல என்பதற்கு எங்க ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், எனக்கு மாமா முறை.

ஓர் ஆடி மாதம் அவர் மாந்தோப்பில் ஒரு மலைப்பாம்புக் குட்டி கிடைத்தது. இரண்டு அடி இருக்கும். மற்றவர்களாக இருந்தால் அடித்திருப்பார்கள். இவர் நல்ல மனசுக்காரர். நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு, மேலே வலை கட்டி வளர்த்தார். ஊரில் சைக்கிளில் கலர் கோழிக்குஞ்சு விற்க வருவார்கள் அல்லவா, அதை வாங்கி ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டார். பாம்பும் தின்றது. காட்டில் அடுத்த இரை எப்போது கிடைக்கும் என்று அதற்குத் தெரியாது. கிடைக்கும்போது தின்பதுதான் அதன் இயல்பு. தின்கிறது என்பதால் பசி என்று பொருள் அல்ல. மாமாவுக்கோ அது தின்னத் தின்னப் பெருமை. ஊரே வந்து பார்த்தது.

ஐந்தாறு மாதத்தில் பாம்பு உருண்டுவிட்டது. உடம்பை வளைத்தால் செதிலுக்கு நடுவே தோல் பிதுங்கித் தெரிந்தது, வால் பக்கம் மடிப்பு விழுந்தது. இவை கொழுப்பு ஏறியதன் அடையாளம். அளவு மீறித் தின்ற பாம்பின் கல்லீரலில் கொழுப்பு படியும், ஆயுள் குறையும். முதுகெலும்பு கத்தி போல் துருத்தினால் மெலிவு, உடம்பு பிதுங்கினால் கொழுப்பு. இரண்டும் நோய்தான்.

மார்கழி வந்தது. நம்ம தருமபுரிப் பனி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். டிரம் சில்லிட்டுக் கிடந்தது. பாம்பு ஒரு குஞ்சைத் தின்று, மூன்றாம் நாள் கக்கியது. நாற்றம் தாங்கவில்லை. மாமா பயந்துபோய் மறுநாளே இன்னொரு குஞ்சைப் போட்டார். அதையும் தின்று, அதையும் கக்கியது. நான் விடுமுறைக்குப் போனபோது மூன்றாவது குஞ்சு வாங்கத் தயாராக இருந்தார்.

"மாமா, இனி ரெண்டு வாரத்துக்கு எதுவும் போடாதீங்க."

"டேய் மாப்ளே, வயித்துல ஒண்ணும் நிக்கல. போடலைன்னா செத்துருமேடா!"

"போட்டாத்தான் மாமா செத்துரும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சின்ன வயதில் பஞ்ச காலத்தில் களிக்கும் வழியில்லாமல் இருந்தவர் அவர். பசித்த உயிருக்குச் சோறு போடாதே என்று சொல்வது அவர் காதில் எப்படி விழுந்திருக்கும்! நான் குளிர், செரிமானம், இடைவெளி எல்லாம் விளக்கினேன். பட்டுப்புழு தோலுரிக்கும்போது தழை போடுவோமா என்று கேட்டேன். அந்த உதாரணம்தான் அவருக்குப் பிடிபட்டது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப இது நம்ம வீட்டுல வளர்ற சாதி இல்ல" என்றார்.

அன்று சாயங்காலமே வனத்துறைக்குப் போன் செய்தோம். வந்தவர்கள் மாமாவை எச்சரித்துவிட்டு டிரம்மோடு எடுத்துப் போனார்கள். மாமா ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. இப்போது பேசுகிறார்.

அன்பு இருந்தால் மட்டும் போதாது, அளவும் தெரிய வேண்டும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பெரியவர்கள் சொன்னது நமக்கு மட்டும் அல்ல.

முறைப்படி வளர்ப்பவர்கள்

பாம்பை முறையாக வைத்துப் பார்க்கும் இடங்கள் நம் மாநிலத்தில் உண்டு. சென்னை கிண்டியில் உள்ள பாம்புப் பண்ணை, ராமுலஸ் விட்டேக்கர் முயற்சியில் 1972-ல் அங்கு வந்தது. தொழிற்சாலை பார்க்கச் சென்னை போனபோது நாங்களும் அதைப் பார்த்தோம். அங்கே மலைப்பாம்பு அசையாமல் கிடந்ததைப் பார்த்து எங்க பையன்கள் "செத்துப்போச்சுடா" என்று கண்ணாடியைத் தட்டப் போனார்கள். அது பாய்லர் அணைந்த நேரம் என்று நான் சொன்னேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. ஒரு காலத்தில் இருளர் மக்கள் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடையானதும் பிழைப்பு போனது. 1978-ல் இந்தச் சங்கம் உருவானது. அனுமதி பெற்றுப் பிடித்த பாம்பைத் துணி கட்டிய மண்பானையில் வைத்து, சில வாரங்களில் நான்கு முறை நஞ்சு எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டு, மறுபடி காட்டிலேயே விடுகிறார்கள். நாட்டில் பாம்புக்கடி மருந்து செய்ய வேண்டிய நஞ்சில் பெரும்பங்கு இவர்கள் கொடுப்பது. பள்ளிக்கூடம் போகாத இருளர் பெரியவர்களிடம் பாம்பு படிக்க அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலமே அழைத்தது. 2017-ல் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் அங்கே போய், பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

அந்த ஃபுளோரிடா மலைப்பாம்புகள் எங்கிருந்து வந்தன தெரியுமா? வீட்டில் வளர்க்க வாங்கி வந்த பாம்புகளின் வாரிசுகள்தான் அவை. குட்டியாக இருக்கும்போது ஆசை, பெரிதானதும் வெளியே விட்டார்கள், சில தப்பின. இன்று நம் ஊரிலும் வெளிநாட்டுப் பாம்பு வளர்க்கும் மோகம் பரவுகிறது. சென்னை விமான நிலையத்தில் பந்து மலைப்பாம்புக் கடத்தல் பல முறை பிடிபட்டிருக்கிறது. சட்டத்தில் 2022-ல் செய்த திருத்தத்தின்படி, சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிர்களை வைத்திருப்போர் பதிவு செய்தாக வேண்டும். வாங்கும் முன், அது 30 ஆண்டு உயிர் வாழும் என்பதையும், அத்தனை ஆண்டும் அதன் கணக்கை யார் வைத்திருப்பது என்பதையும் யோசிக்க வேண்டும்.

நம் வீட்டுக்கு இந்தக் கணக்கு எதற்கு?

எங்க அப்பா கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர். பாம்பு என்றால் தடி எடுக்கிறவர். புழு மனையில் எலி வந்தால் புழுவையும் தின்னும், கூட்டையும் கடிக்கும். எலி இருக்கும் இடத்துக்குச் சாரை வரும். போன கோடையில் ஒரு சாரை மனைக்குள் நுழைந்து, தட்டு அடுக்கின் கீழே வயிறு புடைத்துக் கிடந்தது. அப்பா தடியோடு வந்தார்.

"அப்பா, அது எலியத் தின்னுட்டுக் கிடக்கு. அதுக்கு இப்ப சூடும் ஓய்வும்தான் வேணும். நம்ம மேல வராது. பின் கதவத் திறந்து விட்டுட்டு வாங்க" என்றேன்.

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"படிச்சேம்பா."

அப்பா தடியைக் கீழே போடவில்லை. ஆனால் அடிக்கவும் இல்லை. தடியை ஊன்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். காலையில் பார்த்தபோது பாம்பு போயிருந்தது. அந்தப் பட்டத்தில் எலித் தொல்லை குறைவு என்று அப்பாவே பக்கத்துக் கொல்லைக்காரரிடம் சொன்னார்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாரைதான் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் கிட்டே போகாதீர்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கும் நம் பக்கம் உண்டு. 2020-ல் வெளியான ஓர் ஆய்வு, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக மதிப்பிட்டது. பெரும்பாலோர் நம்மைப் போன்ற கிராமத்துக் குடும்பங்கள். இரவில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள். பாம்பு வந்தால் வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள். கடித்தால் கட்டுப் போட்டு இறுக்காமல், கீறாமல், கடித்த கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள். மருந்து அரசு மருத்துவமனையில்தான் இருக்கிறது, மந்திரத்தில் இல்லை.

சுருக்கமாக மனப்பாடம் செய்ய நான்கு வரி: குட்டிக்கு வாரக் கணக்கு. வளர்ந்ததற்கு மாதக் கணக்கு. குளிருக்கும் சட்டைக்கும் விடுமுறை. தண்ணீருக்கு மட்டும் விடுமுறையே இல்லை.

எலி கூடினால் பாம்பு தானாக வரும், எலி குறைந்தால் தானாகப் போகும். வீட்டைச் சுற்றித் தானியம் சிந்தாமல், குப்பை சேராமல் வைத்திருங்கள். மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஊருக்குப் போகும்போது, வீட்டில் படிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை